தினசரி சைக்கிளுக்கு எது சரி: ஒற்றை கியரா, டிரெய்லியரா, ஹப் கியரா?

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கியர்?" என்றுதான். தினமும் வேலைக்கும் கடைக்கும் சைக்கிளிலேயே போய்வருகிற என்னைக் கேட்டால், அந்த எண்ணிக்கையைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கியரை எந்த நேரத்தில் மாற்ற முடியும், மாற்றித் தருகிற அந்தச் சாமான் நம்மிடம் எவ்வளவு வேலை வாங்கும், இந்த இரண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் மூன்றையும் வைத்துப் பார்க்கிறேன்.

ஒற்றை கியரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதன் சிறப்பே அதுதான். முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னதில் 18 பல், ஓரளவு தடிமனான 700 சைஸ் டயர் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர், 90 சுற்று என்றால் 28-க்கு மேல். சமதளத்தில் ஆபீஸ் போக இதுவே தாராளம். செயின் நேர்கோட்டில் ஓடுவதால் மெதுவாகத்தான் தேயும், முழு செயின் கவர் போடலாம், பேண்டில் கறை படாது. ஆனால் எதிர்க்காற்று, மேம்பாலம், கேரியரில் மூட்டை, இவற்றில் ஏதாவது இரண்டு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் எழுந்து நின்று மிதிக்க வேண்டியதுதான். முட்டியில் ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

டிரெய்லியர் என்பது செயினைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கிற ஏற்பாடு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937-இல்தான் இதை அனுமதித்தார்கள். அதுவரை வீரர்கள் ஏற்றம் வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டு ஏறினார்கள். அந்தக் கஷ்டத்தைப் பார்த்தால் டிரெய்லியர் வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. எடை குறைவு, செயின் சுத்தமாக இருந்தால் மிதிக்கிற சக்தி வீணாவதும் குறைவு, எந்த மெக்கானிக்குக்கும் தெரியும், உதிரிபாகம் கிடைக்கும், பஞ்சரானால் பின்சக்கரம் சட்டென்று கழன்று வரும்.

ஆனால் கடையில் சொல்கிற "24 கியர்" கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னால் 48, 38, 28 பல். பின்னால் 11 முதல் 32 பல் வரை எட்டுப் பல்சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். 38-க்கு 15 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 2.53 சுற்று, 28-க்கு 11 போட்டால் 2.55. இரண்டும் ஒன்றேதான், காலுக்கு வித்தியாசமே தெரியாது. இப்படி ஒன்றையொன்று ஒட்டி வருகிறவை, செயின் கோணலாக இழுபடுவதால் ஓட்டவே கூடாதவை, எல்லாவற்றையும் கழித்தால் பாதி தேறும் அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் சிக்னல். டிரெய்லியரில் பெடல் சுற்றும்போதுதான் கியர் மாறும். கனமான கியரில் வேகமாக வந்துகொண்டிருக்கிறீர்கள், திடீரென்று ஒரு ஆட்டோ குறுக்கே நிற்கிறது, பிரேக் பிடித்து நின்றுவிட்டீர்கள், அப்புறம் அதே கனமான கியரில் கிறுக்... கிறுக்... என்று கிளம்ப வேண்டும், பின்னால் ஹாரன் வேறு. பழகினவர்கள் நிற்பதற்கு முன்பே மாற்றிவிடுவார்கள்தான், ஆனால் நகரத்து ரோடு எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிட்டா நிறுத்துகிறது?

இன்னொன்று, சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ இடித்து வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் டிரெய்லியர் தொங்குகிற ஹேங்கர் வளையும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுகிற நேரத்தில் ஸ்போக்குக்குள் போய்ச் சிக்கினால்தான் தெரியும். சாய்ந்த வண்டியை எடுத்தால் பின்னாலிருந்து ஒரு பார்வை பாருங்கள், ஹேங்கர் உள்பக்கம் சாய்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டும்வரை பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

இனி ஹப் கியர். என் ஓட்டு இதற்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள்ளேயே எல்லாப் பல்சக்கரமும் அடைந்து கிடக்கும்: நடுவில் அசையாத ஒன்று, அதைச் சுற்றிவருகிற சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு பல்வளையம். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஏ.டபிள்யூ. என்கிற மூன்று கியர் ஹப் 1936-இல் வந்தது. நடுக் கியர் நேரடி ஓட்டம், கீழே 75 சதவீதம், மேலே 133 சதவீதம். மேலே சொன்ன அதே 44-18-இல் இதை மாட்டினால் பெடல் ஒரு சுற்றுக்கு 4 மீட்டர், 5.3 மீட்டர், 7 மீட்டர். ஏற்றத்துக்கு ஒன்று, வழக்கமான ஓட்டத்துக்கு ஒன்று, காற்று முதுகில் அடிக்கிற நாளுக்கு ஒன்று. மூன்றுமே தினமும் பயன்படும்.

நின்ற இடத்திலேயே மாற்றலாம் என்பதுதான் விஷயமே. சிக்னலில் நின்றபடி ஒரு சொடுக்கு, பச்சை விழுந்ததும் லேசாகக் கிளம்பலாம். மழை, சேறு எதுவும் உள்ளே போவது அரிது. ஒற்றை கியருக்குச் சொன்ன செயின் கவர் வசதி இதற்கும் உண்டு.

குறைகளும் உண்டு. பின் டயர் பஞ்சரானால் கேபிளைக் கழற்றி, இரண்டு பக்கமும் நட்டைத் தளர்த்தி, திரும்ப மாட்டும்போது கேபிளைச் சரிபார்த்து என்று வேலை நீளும், ஸ்பேனர் இல்லாமல் கிளம்பவே கூடாது. பழைய ஏ.டபிள்யூ. வகையில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஒரு வெற்றிடம் இருக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் பெடல் சும்மா சுற்றிவிடும், நெஞ்சு ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். எடையும் கூடுதல், நேரடி ஓட்டம் அல்லாத கியர்களில் சக்தியும் கொஞ்சம் வீணாகும்.

மலைப்பாங்கான ஊர் என்றால் மூன்று கியர் பத்தாது. ஷிமானோ நெக்ஸஸ் எட்டு கியர் ஹப்பில் மேல் கியர் கீழ்க் கியரைப்போல் சுமார் 3 மடங்கு. 1998-இல் வந்த ரோலாஃப் ஹப்பில் 14 கியர், 5.26 மடங்கு. அருமையான சாமான், ஆனால் அதன் விலையில் ஒரு நல்ல சைக்கிளே வாங்கிவிடலாம். ஏற்றமும் நீண்ட தூரமும்தான் உங்கள் ஓட்டம் என்றால் பேசாமல் டிரெய்லியருக்கே போங்கள், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11 முதல் 42 பல் வரை இருக்கிற மாதிரி எடுத்தால் பாதித் தலைவலி குறையும்.

பழைய மூன்று கியர் வண்டி கைக்கு வந்தால் தயங்காமல் பாருங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி மூன்று கியரிலும் பெடலைச் சுற்றுங்கள், பிறகு ஏறி அமர்ந்து மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம் அழுத்தி மிதியுங்கள். நழுவினால் உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், முதலில் கேபிளைச் சரிசெய்து பாருங்கள், ஹப்பில் எண்ணெய்த் துளை இருந்தால் சில சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். அதற்கும் நழுவினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.