பில்லில் கேட் 6 காப்பர், சுவருக்குள் அலுமினியம்: புது வீட்டுக்கு லேன் வயரிங் செய்பவர்கள் கவனிக்க

புதிதாகக் கட்டிய ஒரு மாடி வீடு. ஹால், படுக்கையறைகள், மொட்டைமாடி கேமரா எல்லாம் சேர்த்து, நெட் கேபிள் செருகும் எட்டு லேன் பாயின்ட். கான்ட்ராக்டர் கொடுத்த பில்லில் 'கேட் 6 காப்பர், 305 மீட்டர், ஒரு பெட்டி' என்று தெளிவாகவே இருக்கிறது (கேட் 6 என்பது லேன் கேபிளின் ஒரு தர வகை). குடி வந்து 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிகிறது. ரவுட்டர் பக்கத்தில் நின்றால் வைஃபையில் 280 வருகிறது. சுவர் பாயின்ட்டில் லேப்டாப்பைச் செருகினால் எட்டில் ஆறு இடங்களில் 94ஐத் தாண்டவில்லை. மொட்டைமாடி கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு, இருட்டினதும் அணைந்து அணைந்து வருகிறது. "ரவுட்டர் மாத்துங்க சார், சரியாயிடும்" என்றார் கான்ட்ராக்டர். ரவுட்டரும் மாற்றியாயிற்று. கடைசியில் சுவர் பாயின்ட்டின் மூடியான ஃபேஸ்பிளேட்டைக் கழற்றி ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினால், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம்.

இதற்குச் சந்தையில் பெயர் சிசிஏ. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு. கன அளவில் செம்பு 10 முதல் 15 சதவீதம்தான். லேன் கேபிளுக்கான டிஐஏ 568, ஐஎஸ்ஓ 11801 இரண்டு தரங்களுமே செம்புக் கம்பியைத்தான் கேட்கின்றன. ஆகவே 'சிசிஏ கேட் 6' என்ற பொருளே கிடையாது. பெட்டியில் எத்தனை பெரிய எழுத்தில் கேட் 6 என்று போட்டிருந்தாலும் சரி.

வேகம் ஏன் சரியாக 94இல் நிற்கிறது? 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒவ்வொரு டேட்டாப் பொட்டலத்தோடும் ஒட்டிப் போகும் முகவரித் தகவல்கள் போக மிஞ்சுவது அவ்வளவுதான். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடியும், அதாவது எட்டுக் கம்பியும், முழுசாக வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும். எட்டில் ஒன்று அறுந்தாலோ சரியாகத் தொடாவிட்டாலோ பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்வதால் வீட்டுக்காரருக்குச் சந்தேகமே வராது.

இந்த வீட்டில் அதற்குக் காரணம் இரண்டு. நான்கு பாயின்ட்டுக்கு இரண்டே கேபிள்தான் போயிருக்கிறது. ஒரு கேபிளின் இரண்டு ஜோடியை ஒரு அறைக்கும், மீதி இரண்டை அடுத்த அறைக்கும் பிரித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பாயின்ட்டில் ஜாக்கில் குத்தும்போதே கம்பி ஒடிந்திருக்கிறது. அலுமினியம் சீக்கிரம் ஒடியும். நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் போச்சு. ஜாக்கின் கத்தி அந்த மெல்லிய செம்புப் பூச்சைக் கிழித்து அலுமினியத்தைத் தொடுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் அந்த இடத்தில் ஆக்ஸைடு படியும், இணைப்பு நாளாக நாளாகத் தளரும். வயரிங் முடித்த அன்று எல்லா பாயின்ட்டும் பாஸ் ஆகிவிட்டு, ஒரு மழைக்காலம் கழித்து ஒவ்வொன்றாகப் போவது இதனால்தான்.

கேமரா கதை வேறு. அதற்கு லேன் கேபிளின் உபரி ஜோடிகள் வழியாகவே 12 வோல்ட் அனுப்பியிருக்கிறார்கள்: 4, 5 சேர்த்து பிளஸ், 7, 8 சேர்த்து மைனஸ். கடையில் பிஓஇ (லேன் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) ஸ்ப்ளிட்டர் என்று கேட்டால் கொடுக்கும் இரட்டை வால் கனெக்டர்தான் அது. இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய, மின்னோட்டம் கூடுகிறது. அரை ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 30 மீட்டருக்கு 24 கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லிசு) செம்பில் இழப்பு சுமார் 1.3 வோல்ட். அதே கேஜ் சிசிஏவில் 2 வோல்ட். மலிவுக் கேபிளில் கம்பியும் மெலிந்து 26 கேஜாக இருந்தால் 3 வோல்ட்டுக்கு மேல் போய், கேமராவுக்கு 9 வோல்ட்கூடக் கிடைக்காது. அணையும், விளக்கும் அணைவதால் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி எழும்பும், மறுபடி அணையும். முறையான 48 வோல்ட் பிஓஇ ஸ்விட்ச் (பல லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) என்றால் இழப்பு இவ்வளவு உறைக்காது. ஆனால் அங்கேயும் சிசிஏவைப் போடக் கூடாது. ஒரே குழாயில் பல கேபிள் நெருங்கிக் கிடந்தால் கூடுதல் மின்தடை சூடாகத்தான் வெளியேறும்.

வாங்கும்போதே பிடிக்க முடியுமா என்றால், முடியும். முதலில் எடை. 23 கேஜ் கம்பியின் விட்டம் 0.57 மில்லிமீட்டர். எட்டுக் கம்பி, 305 மீட்டர் என்று கணக்கிட்டால் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவைத் தாண்டும். அதே அளவு சிசிஏ இரண்டு கிலோ சொச்சம்தான். உறையும் நடுவில் ஓடும் பிளாஸ்டிக் பிரிப்பானும் தனி. 23 கேஜ் என்று போட்ட முழுப்பெட்டி கைக்கு லேசாக, ஏழு கிலோ அளவில் இருந்தால் பிரிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது சுரண்டல். வெட்டுமுனையை மட்டும் பார்த்தால் பூச்சு இழுபட்டு ஏமாற்றும். பிளேடை நீளவாக்கில் ஓட்டிச் சுரண்ட வேண்டும். லைட்டர் நெருப்பில் காட்டினால் செம்பு சிவந்து அப்படியே நிற்கும், சிசிஏ துவண்டு உருகும். காந்தம் ஒட்டினால் அது இன்னும் மோசம்: உள்ளே இரும்பு.

பதித்து முடித்த கேபிளுக்கு மல்டிமீட்டர்தான் சாட்சி. ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேருங்கள். மறுமுனையில் அந்த ஜோடியின் ஓம் அளவை எடுத்து, மீட்டர் வயரின் சொந்த மின்தடையைக் கழித்துவிடுங்கள். தரத்தின் வரம்பு 100 மீட்டருக்கு ஒரு கம்பிக்கு 9.38 ஓம். போய்த் திரும்பும் ஜோடிக்கு மீட்டருக்கு 0.19 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். முழுப்பெட்டியில் அளந்தால் 23 கேஜ் செம்பு 41 ஓம் அருகில், 24 கேஜ் செம்பு 51 அருகில் காட்டும். 23 கேஜ் சிசிஏ 60ஐத் தாண்டும், 24 கேஜ் சிசிஏ 80ஐ நெருங்கும். இவை 20 டிகிரி வெப்பத்துக்கான எண்கள். நம் வெயிலில் ஐந்தாறு சதவீதம் கூடினால் கான்ட்ராக்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கேபிளின் நீளத்தை ஊகிக்கவும் தேவையில்லை. உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும், இரண்டு முனை எண்களைக் கழித்தால் போதும். ஒரு பெட்டி முழுக்கப் பில் போட்டுவிட்டு மீதியைச் சுருட்டிக்கொண்டு போகிறார்களா என்பதும் அதே எண்ணில் தெரிந்துவிடும்.

எட்டு விளக்கு வரிசையாக மின்னும் டெஸ்டரைக் காட்டி 'எல்லாம் ஓகே' என்பார்கள். அது கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் சொல்லும். 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி ஜோடியாக வரிசையில் அடித்த கனெக்டரும் அதில் பாஸ் ஆகும். ஆனால் 3ம் 6ம் ஒரே ஜோடியில் முறுக்கி வராததால் பக்கத்துக் கம்பியின் சிக்னல் கலந்து, ஜிகாபிட் தடுமாறும். கம்பிகளை அடிக்க வேண்டிய டி568பி என்ற நிற வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சைக்கு நடுவில் நீலம் வந்தால்தான் சரி. ஜாக்கில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் பிரித்து விரித்துப் போட்டிருந்தால் வேலை தெரியாதவர் செய்தது. கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியது டெஸ்டர் விளக்கை அல்ல. ஒவ்வொரு பாயின்ட்டிலும் லேப்டாப் செருகி, விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 1000/1000 என்று காட்டச் சொல்லுங்கள். சோதிக்கும் ஸ்விட்சும் ரவுட்டர் போர்ட்டும் ஜிகாபிட்டாக இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். '10/100' என்று மட்டும் எழுதிய ஸ்விட்சை இடையில் வைத்துவிட்டு கேபிளைத் திட்டிப் பயனில்லை. ஒரே ஒரு ஜிகாபிட் போர்ட்டும் மீதி 100ம் உள்ள ஃபைபர் மோடம்களும் உண்டு.

கேட் 7, கேட் 8 என்று ஆசை காட்டுவதற்கும் மயங்க வேண்டாம். கேட் 8 என்பது 30 மீட்டருக்குள் சர்வர் அறைக்கு வகுத்தது. கேட் 7ஐ டிஐஏ அங்கீகரிக்கவே இல்லை. வீட்டில் ஜிகாபிட்டுக்கு நல்ல செம்புக் கேட் 5இ 100 மீட்டர் வரை தாங்கும். நாளைக்கு 10 ஜிகாபிட் வேண்டும் என்றால் கேட் 6, 55 மீட்டர் வரை. இதற்கு மேல் கொடுக்கும் காசு பெட்டியின் பளபளப்புக்குத்தான்.

பில்லில் 'கேட் 6' என்று மட்டும் விடாமல் 'முழுச் செம்பு, 23 கேஜ்' என்று எழுதி வாங்குங்கள். அச்செழுத்து தெரியும்படி ஒரு சாண் கேபிளை வெட்டி பில்லோடு வையுங்கள். கூலியில் ஒரு பங்கை எல்லா பாயின்ட்டும் 1000 காட்டும் வரை நிறுத்திவையுங்கள். ஏமாந்த பிறகு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் பேசி முடித்த வேலைக்கு இந்த வழி கடினம்.

சுவரை உடைக்காமல் மாற்றலாமா? குழாயில் பதித்திருந்தால் பெரும்பாலும் முடியும். பழைய கேபிளையே பிடித்துப் புதியதை இழுக்காதீர்கள், அலுமினியம் நடுவில் அறுந்தால் இரண்டும் போச்சு. பழையதன் முனையில் நைலான் கயிற்றைக் கட்டி மெதுவாக இழுத்து, பிறகு அந்தக் கயிற்றில் புதுக் கேபிளை இழுக்க வேண்டும். பத்து கிலோ விசைக்கு மேல் இழுத்தால் செம்புக் கேபிளின் முறுக்கும் கெடும். குழாயில் 230 வோல்ட் வயரும் கூடவே ஓடினால் அந்த வழியே வேண்டாம், சுவரோரம் தனி கேசிங் அடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால், பிரித்துப் போட்ட கேபிளை ஒரே அறைக்கு எட்டுக் கம்பியும் சேர்த்துக் கொடுத்து, அங்கே ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் வைத்து, அடுத்த அறைக்கு அதிலிருந்து செம்புப் பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள ரெடிமேட் கேபிள்) ஒன்றை ஓட்டலாம். கேமராவுக்குப் போகும் கேபிளை மட்டும் மாற்றாமல் விடாதீர்கள்.