குட்டிக்கு முதலில் இறகா, ‘இரு’வா?

லாப்ரடோரும் கோல்டன் ரிட்ரீவரும் காவலுக்கென்று உருவான சாதிகள் அல்ல. சுட்டு விழுந்த பறவையை இறகு கசங்காமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கத்தான் அவற்றை வளர்த்தெடுத்தார்கள். குட்டியை வாங்கிக் கேற்றடியில் கட்டிவிட்டு, ‘குரைக்குதே இல்லை’ என்று குறைப்படுவதில் பயனில்லை. அதன் தொழில் தூக்கி வருவது. அந்தத் தொழிலை எப்படித் தொடங்கி வைப்பது என்பதில் மூன்று வழிகள் இருக்கின்றன: நம்மூர் வேட்டைக்காரர் வழி, வட அமெரிக்க வழி, இங்கிலாந்து வழி.

அதற்கு முன் ஒன்று. இலங்கையில் 1937ஆம் ஆண்டில் வந்த வனசீவராசிகள் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. மாரியில் நம் குளங்களுக்கு வந்திறங்கும் காட்டு வாத்துகளைச் சுட முடியாது. கட்டுக்கரைக்குளம், வங்காலை, கொக்கிளாய், சுண்டிக்குளம் எல்லாம் பாதுகாக்கப்பட்ட இடங்கள். கனடாவில் இருக்கும் மச்சான் உரிமம் எடுத்து, பருவம் திறந்ததும் வாத்துக்குப் போகலாம். இங்கே நாம் பழக்குவது டம்மியை, அதாவது பறவைக்குப் பதிலாக எறியும் போலிப் பொருளை, வைத்துத்தான். அதனால் பழக்கத்தின் சுவை ஒன்றும் குறைவதில்லை.

ஊர் வழி எளிது. பழகிய நாயோடு குட்டியைக் காட்டுக்கு விடுவார்கள். நாய்க்கு நாய்தான் வாத்தியார். எங்கே மோப்பம் பிடிப்பது, புடையன் கிடக்கும் பற்றையை எப்படி ஒதுங்கிப் போவது, வெயிலில் எங்கே படுப்பது என்பதையெல்லாம் மனிதன் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பழைய நாய் உடும்பையும் முயலையும் விரட்டி, அமுக்கி, கடித்துப் பிடித்த நாய். குட்டியும் அதைத்தான் படிக்கும். மென்மையாகக் கவ்வும் வாய்தான் ரிட்ரீவரின் மூலதனம். அதைத் தொலைத்துவிட்டுக் காட்டறிவு பெற்று என்ன செய்வது? ஊர் நாய்க்கு இது நல்ல பள்ளிக்கூடம், லாப்ரடோருக்கு அல்ல.

வட அமெரிக்க வழி ஆசையை முதலில் மூட்டுவது. குட்டி வந்த சில வாரங்களிலேயே இறகை முகரக் கொடுப்பார்கள், பிறகு புறா, பிறகு வாத்து. கடைவாய்ப் பற்கள் முளைத்து முடிந்ததும், ஏறத்தாழ ஆறேழு மாதத்தில், கட்டாயக் கவ்வல் பழக்கம். பலர் காதை நசுக்கி வாயைத் திறக்க வைத்து டம்மியைக் கவ்வப் பழக்குகிறார்கள். மின்சாரக் கழுத்துப்பட்டியும் பலரிடம் உண்டு. பெரிய ஏரிகளில், குளிர்ந்த தண்ணீரில், நெடுந்தூரம் நீந்திப் போய் எடுத்து வரும் நாய் அவர்களுக்குத் தேவை. அந்த வேலைக்கு இந்த வேகம் பொருந்தும். காதை நசுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை விட்டாலும் நம் வளவுக்கு இந்த வழி ஒத்துவராது. காரணம் கோழி.

வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டுக் கோழி குஞ்சுகளோடு நுழைவதைக் கற்பனை செய்து பாருங்கள். இறகுதான் உலகத்திலேயே பெரிய பரிசு என்று படித்த நாலு மாதக் குட்டி, காதைத் தூக்கி, வாலை விறைத்து, முன்காலொன்றை மடித்து நிற்கும். பார்க்க அழகுதான். அடுத்த நொடியில் வளவெல்லாம் இறகு பறக்கும். பிறகு ‘உங்கட நாய்’ என்று தொடங்கும் சண்டை பொங்கலுக்கும் தீராது.

இங்கிலாந்து வழி இதற்கு நேர்மாறு. பறவைகள் சுற்றிவர விழும்போதும் வரிசையில் அசையாமல் இருக்கும் நாய்தான் அங்கே மரியாதைக்குரிய நாய். எறிந்த டம்மிகளில் பலவற்றைப் பயிற்றுநரே நடந்துபோய் எடுப்பார், குட்டி இருந்து பார்க்கும். எறிந்ததெல்லாம் தனக்கு அல்ல என்று அதற்குப் புரிய வேண்டும். குறையும் உண்டு. சின்ன வயதிலேயே அடக்கி அடக்கி வைத்தால், இளகிய மனமுள்ள குட்டிக்கு ஓடும் ஆசையே செத்துப்போகும். டம்மி விழுந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

என் தெரிவு இங்கிலாந்து வழிதான், தொடக்கத்தில் மட்டும் அமெரிக்கரிடம் கொஞ்சம் கடன் வாங்கலாம். எட்டுப் பத்து வாரக் குட்டிக்குப் பழைய காலுறைக்குள் தும்பு அடைத்துக் கட்டினால் போதும். இரு பக்கமும் சுவர் உள்ள விறாந்தையில், குட்டி படுக்கும் சாக்கின் பக்கம் நிலத்தில் இருந்துகொண்டு எறியுங்கள். எடுத்தால் திரும்பி வர ஒரே வழி உங்கள் மடி. வந்ததும் பறிக்கக் கூடாது. நெஞ்சைத் தடவிவிட்டு, அது கவ்விக்கொண்டே நிற்கட்டும். பிறகு மெல்ல வாங்குங்கள். இரண்டு மூன்று எறிகைக்கு மேல் வேண்டாம், ‘இன்னும்’ என்று கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அது கவ்வியதை நீங்கள் துரத்திப் பிடித்தீர்களோ, ஓடிப்பிடித்து விளையாட்டாகிவிடும். பால்பல் விழும் மாதங்களில் முரசு நோகும், அப்போது எறிவதைக் குறைத்துவிட்டு, சோற்றுத் தட்டை வைத்து ‘இரு’ என்ற கட்டளையைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு நீண்ட விசில் என்றால் ‘இரு’, பல குறுவிசில் என்றால் ‘வா’.

இறகு எப்போது? கோழி நடமாடும் முற்றத்தில் ‘இரு’ நிலைத்த பிறகு. சமையலுக்கு உரித்த வீட்டு வாத்தின் செட்டையைக் காயவைத்து டம்மியில் கட்டினால் சரி.

வெடிச் சத்தம் தனிச் சிக்கல். காலபோக வயல் காவலில் யானை வெடி திடீரென்று பக்கத்தில் கேட்டால் குட்டிக்கு ஆயுள் முழுக்க அச்சம் ஒட்டிக்கொள்ளலாம். அதை முந்திக்கொள்ள வேண்டும். குட்டி சாப்பிடும்போது தூரத்தில் பானை மூடியைத் தட்டச் சொல்லுங்கள், அப்புறம் வயலுக்கு அப்பால் சீனவெடி, பிறகு நாளாக நாளாகக் கிட்டவாக. காது பின்னால் படிந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

தண்ணீரில்தான் ‘இரு’ உயிர் காக்கும். இரணைமடு, முத்தையன்கட்டுப் போன்ற குளங்களில் முதலை இருக்கிறது. ஒரு விசிலுக்கு நிற்காத நாயை அலைகரையில் விட நான் ஒப்பமாட்டேன். மழைக்குப் பின் வயலில் தேங்கும், அடி தெரியும் தண்ணீர் போதும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காட்டோரத்துக்கு விசிலுக்கு நிற்கிற நாயையும் கூட்டிப்போக வேண்டாம். பார்வோ (குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரசு நோய்), விசர் ஊசிகள் போட்டு முடியுமுன் ஊர் நாய்கள் திரியும் இடங்களும் வேண்டாம். பயிற்சி விடியப்புறம் அல்லது வெயில் தணிந்த பிறகு.

குட்டி ஏற்கெனவே கோழி துரத்தப் பழகிவிட்டதென்றால் இறகை மறந்துவிட்டு, நீளக் கயிறு ஒன்றைக் கழுத்துப்பட்டியில் கட்டித் தும்புக் காலுறையிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.