உள்ளூரில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய 5 கிலோவாட் இன்வெர்ட்டர்: மூடியைத் திறந்து பார்த்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று விற்கும் 48 வோல்ட் இன்வெர்ட்டர் இது. பெட்டி, வயரிங், பூட்டும் வேலை இங்கே நடந்தவை, வேலையும் சுத்தம். கடல் காற்றுக்கு போர்டு முழுக்க வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். விசிறி வாய்க்கு மட்டும் வலை இல்லை. பல்லி உள்ளே போனால் ஷார்ட்தான், வாங்கியதும் மெல்லிய கம்பி வலை கட்டிவிடுங்கள்.

சிப்புகள் எல்லாம் கப்பலில் வந்தவை. அதற்காக இதை ஒதுக்க வேண்டியதில்லை. சிப் செய்யும் மெல்லிய வட்டத் தகடான சிலிக்கன் வேஃபரை அரித்துத் துலக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்துக்கு மூலமான ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமம், பிரிட்டோரியாவுக்கு வடக்கே வெர்கெனோக் சுரங்கத்தில் நாம் தோண்டுவது. சிப்பில் சுற்றுகளை அச்சிடும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் இயந்திரத்துக்குக் கண்ணாடி ஜெர்மனியின் ஸைஸ் கொடுக்கிறது. எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் நாடு எதுவும் கிடையாது. 2025 அக்டோபரில் நெதர்லாந்தின் சிப் நிறுவனமான நெக்ஸ்பீரியாவில் தகராறு வந்தபோது கார் தொழிற்சாலைகள் திணறியது சாதாரண டயோடுக்கும் சின்ன டிரான்சிஸ்டருக்கும்தான். அவற்றுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வேஃபர், சீனாவின் டோங்குவானில் உறையிடும் வேலை. நடுவில் வழி அடைபட்டது. அந்த வகைச் சாமான் இந்த போர்டிலும் நிறைய.

அதனால் பார்க்க வேண்டியது, பாகம் போனால் மாற்று கிடைக்குமா என்பதை. பவர் பகுதியில் இது நன்றாகத் தேறுகிறது. மின்சாரத்தை வேகமாக விட்டு நிறுத்தும் பவர் டிரான்சிஸ்டர்களான ஐஜிபிடிகள் எல்லாம் டிஓ-247 என்ற பொதுவான உறை வடிவம், 650 வோல்ட், மேலே அச்சிட்ட பாக எண்ணைச் சுரண்டி அழிக்கவில்லை. இன்ஃபினியன் நிறுவனத்தது இல்லையென்றால் எஸ்டி, அதுவும் இல்லையென்றால் ஆன்செமி. ஆம்பியரும், கேட் எனும் திறந்து மூடும் காலின் மின்னூட்டமும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றும்போது பாட்டரி, சோலார், கிரிட் மூன்றையும் கழற்றுங்கள். ஐஜிபிடிகளுக்கு மின்சாரம் தரும் உயர் மின்னழுத்தப் பாதையான பஸ்ஸின் கெபாசிட்டரில் 400 வோல்ட் வரை நிற்கும். பத்து நிமிடம் விட்டு, 2.2 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டரால் மிச்ச மின்னூட்டத்தை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். மீட்டரின் டயோடு நிலையில், ஐஜிபிடியின் மற்ற இரு கால்களான கலெக்டர்-எமிட்டர் இடையே இரு திசையிலும் சுழியம் காட்டினால் ஐஜிபிடி போய்விட்டது. ஒன்று போனாலும் அந்தக் கிளையின் இரண்டு ஐஜிபிடிகளையும், கேட் ரெசிஸ்டரையும், கேட்டை இயக்கும் டிரைவர் ஆப்டோகப்ளரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஷார்ட்டின்போது உயர் மின்னழுத்தம் கேட் வழியே திரும்பிப் பாய்ந்து அவற்றைக் கெடுத்திருக்கும். கெட்ட டிரைவர் கேட்டுக்கு 15 வோல்ட் முழுதாகக் கொடுக்காது. புது ஐஜிபிடி பாதி திறந்தபடி சூடேறி, உடனே வெடிக்கும். முதல் ஓட்டத்துக்குப் பஸ்ஸுக்குத் தொடராக 230 வோல்ட் 100 வாட் குண்டு பல்பு இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

இடிப்பது கட்டுப்பாட்டு போர்டில். அதன் சிப் சந்தையில் கிடைக்கும், ஆனால் உள்ளே புரோகிராம் இல்லாத வெற்றுச் சிப். புரோகிராம் பூட்டப்பட்டிருக்கிறது, தயாரிப்பாளர் தருவதில்லை. ‘உள்நாட்டு’ என்ற பெயருக்கு இங்கேதான் அவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். கட்டுப்பாட்டு போர்டைத் தனியாக விற்போம் என்று கடைக்காரர் ரசீதிலேயே எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.