புது அருங்காட்சியகமா, பழைய சின்னமா, கலைவிழாவா? சுற்றுலாவுக்கான மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு

கலையையும் மரபையும் முன்னிறுத்திப் பயணிகளை வரவழைக்க ஒரு நகரமோ வட்டாரமோ முடிவு செய்தால், அதன் முன் பெரும்பாலும் மூன்று வழிகளே இருக்கின்றன. பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரைக் கொண்டு புதிதாக ஓர் அருங்காட்சியகம் எழுப்பலாம். முன்னோர் விட்டுச் சென்ற சின்னம் இருந்தால் அதைச் சீர்செய்து திறந்துவிடலாம். இரண்டும் இல்லையென்றால், அல்லது இரண்டும் வேண்டாமென்றால், குறித்த கால இடைவெளியில் கலைவிழா நடத்தலாம். இம்மூன்றையும் பண்பாட்டுச் சுற்றுலா என்ற ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. ஆனால் செலவிட்ட பணம் எங்கே போகிறது, வந்தவர் எத்தனை நாள் தங்குகிறார், கூட்டத்தால் தேய்வது எது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினால், இவை மூன்று வேறு தொழில்கள் என்பது விளங்கும். வருகைக் கணக்கை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுவது, எடைபோட வேண்டிய பொருளை முழக்கோலால் அளப்பதற்கு ஒப்பானது.

புது அருங்காட்சியகம் என்றவுடன் எல்லோரும் காட்டும் உதாரணம், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோ. இரும்புத் தொழிலும் கப்பல் கட்டும் தொழிலும் நலிந்து, 1983-ஆம் ஆண்டு வெள்ளத்தால் மேலும் அடிபட்டிருந்த அந்நகரத்தின் ஆற்றங்கரையில், ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997 அக்டோபரில் திறக்கப்பட்டது. டைட்டானியத் தகடு போர்த்திய அந்தக் கட்டடத்தைப் பார்க்க முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 13 லட்சம் பேர் வந்தார்கள். அன்றிலிருந்து, ஒரே கட்டடத்தால் ஊரையே மீட்டுவிடலாம் என்ற பொருளில் "பில்பாவோ விளைவு" என்ற தொடர் நகராட்சிக் கூட்டங்களில் மந்திரம்போல ஒலிக்கத் தொடங்கியது. ஆனால் மந்திரத்தை உச்சரித்தவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைத்தான் பார்த்தார்கள்; அதைச் சுற்றி நடந்ததைப் பார்க்கவில்லை. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. துறைமுகம் நகரின் நடுவிலிருந்து கடல்முகத்துக்கு நகர்த்தப்பட்டது. கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலங்களை மீட்டெடுப்பதற்கென்றே 1992-இல் ஒரு பொது நிறுவனம் அமைக்கப்பட்டது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ ரயில் 1995-இல் ஓடத் தொடங்கியது. நீண்ட வேலைத்திட்டத்தின் ஓர் அங்கமாக வந்த அருங்காட்சியகம், முழுத் திட்டத்துக்கும் உரிய பெயரைத் தட்டிக்கொண்டு போனது என்பதே என் கணிப்பு.

செலவும் திறப்பு விழாவோடு முடிந்துவிடவில்லை. கட்டடத்துக்கு 10 கோடி டாலர் அளவிலும், குகன்ஹைம் என்ற அமெரிக்க அறக்கட்டளையின் பெயருக்கும் துணைக்குமாக 2 கோடி டாலரும் பாஸ்க் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் ஆண்டுதோறும் மானியம். அருங்காட்சியக வாசலில் ஜெஃப் கூன்ஸ் உருவாக்கிய, 12 மீட்டருக்கு மேல் உயரமான நாய்க்குட்டிச் சிற்பம் ஒன்று அமர்ந்திருக்கிறது. அதன் உடல் முழுவதும் உயிருள்ள பூச்செடிகள். அந்தச் செடிகளைப் பருவத்துக்கு ஏற்றவாறு ஆண்டுக்கு இருமுறை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டு, சாரம் கட்டி, பல்லாயிரம் புதுக் கன்றுகளை நட வேண்டும். பயணிகள் கைப்பேசியில் எடுத்துச் செல்லும் ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை கைகள் ஓயாமல் உழைக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல காட்சி இல்லை.

இதே வழியில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட ஊர்களும் உண்டு. பில்பாவோவைப் போலவே எஃகுத் தொழில் நலிந்திருந்த இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஒன்றரைக் கோடி பவுண்டு செலவில், எஃகுத் தகடு போர்த்திய நான்கு பெரும் முரசுகளைப்போல, வெகுசன இசைக்கான தேசிய மையம் 1999 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள்; வந்தவர்கள் அதற்கு வெகுவாகக் குறைவு. 2000-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே மையம் மூடப்பட்டு, கட்டடம் பின்னர் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் வசமானது. பிரான்ஸின் பழைய நிலக்கரி நகரமான லான்ஸில் 2012 டிசம்பரில் திறக்கப்பட்ட, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகக் கிளையின் கதை இத்தனை கசப்பானதன்று. முதல் ஆண்டில் 9 லட்சம் பேர் வந்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்பதால், வெளியூரிலிருந்து வருபவர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிட முடிகிறது; இரவு தங்காத பயணியால் விடுதிக்காரருக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆனால் அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்து மக்கள். நிரந்தரக் காட்சிக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. சுற்றுலாத் திட்டமாகத் தடுமாறிய ஒன்று, பொதுக் கல்வித் திட்டமாக நிமிர்ந்து நிற்கிறது. இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அருங்காட்சியகத்துக்கு இன்னொரு வசதி உண்டு. கூட்டம் மிஞ்சினால் அது இடம் கொடுக்கும். பாரிஸின் லூவ்ருக்கு 1989-இல் கண்ணாடிப் பிரமிடு வாசல் அமைத்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பேரையே மனத்தில் கொண்டிருந்தார்கள். 2018-இல் ஒரு கோடியே 2 லட்சம் பேர் வந்தார்கள். மோனா லிசா இருக்கும் மண்டபத்தில் நிற்பவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் படத்தை நோக்கி எல்லாக் கைகளும் கைப்பேசியை உயர்த்தியிருக்க, எதிர்ச்சுவரில் கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும் வெரோனேசேயின் கானா ஊர்த் திருமண ஓவியத்துக்குக் கூட்டம் முழுவதும் முதுகைக் காட்டி நிற்கிறது. பயணியை இழுப்பது கலை என்பதைவிடக் கலையின் புகழ் என்பதே பொருந்தும். ஆயினும் அந்தப் படத்தை வேறு அறைக்கு மாற்றலாம், இன்னொரு வாசல் திறக்கலாம். 2025 ஜனவரியில் பிரெஞ்சு அரசு அறிவித்த திட்டமும் அதுதான்.

பழைய சின்னத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. கம்போடியாவின் பழைய கோயில் தொகுதியான அங்கோர் 1992-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோதே ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. உள்நாட்டுப் போரின் அழிவிலிருந்தும் சிலைத் திருட்டிலிருந்தும் மீண்டு 2004-இல் அந்த இரண்டாவது பட்டியலிலிருந்து வெளியேறியது. 2018-இல் வெளிநாட்டினர் மட்டும் ஏறத்தாழ 26 லட்சம் பேர் அங்கே நுழைவுச் சீட்டு வாங்கினார்கள். விளம்பரத்துக்காகப் பெரிதாக எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு மன்னர்களே முதலீட்டை முடித்து வைத்துவிட்டார்கள். ஆனால் நுழைவாயிலில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று நிலத்துக்கு அடியில் இருக்கிறது. கோயில்கள் நிற்பது நீர் ஊறிய மணற்படுகையின் மேல். அருகிலுள்ள சியெம் ரீப் நகரத்து விடுதிகளின் குளியலறைக்கும் நீச்சல் குளத்துக்கும் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தால், அந்த மணல் இறுகிக் கற்கட்டு அசையும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் நெடுநாளாக எச்சரித்து வந்திருக்கிறார்கள். சூரியன் மறைவதைப் பார்க்கப் பயணிகள் முண்டியடிக்கும் பக்கெங் குன்றுக் கோயிலின் மேல் ஒரே நேரத்தில் 300 பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்துவிட்டது.

இந்தோனேசியாவின் போரோபுதூர் இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் அந்தப் பௌத்தத் தூபியை யுனெஸ்கோ துணையோடு 1970-களில் தொடங்கி 1983 வரை கல் கல்லாகக் கழற்றி அடுக்கிச் சீர்செய்தார்கள். பிறகு அதன் படிகளைத் தேய்த்தவை மழையும் பாசியும் மட்டுமல்ல, செருப்புகளும்தாம். 2023-இல் மேலே ஏறுவதற்கு நாளொன்றுக்கு 1,200 பேருக்குத்தான் அனுமதி என்று வரையறுத்தார்கள். அவர்களும் வழிகாட்டியோடு, அங்கே தரப்படும் "உபானத்" என்ற காலணியை அணிந்துதான் ஏற வேண்டும். தாழை வகை இலையால் பின்னிய, அடிப்பாகம் மென்மையான காலணி அது. தூபியின் அடித்தளப் புடைப்புச் சிற்பங்களில் உள்ள மனிதர்கள் அணிந்திருப்பதைப் பார்த்து வடிவமைத்தது. செய்பவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். ஏறி இறங்கியவர் அதை வீட்டுக்கே கொண்டுபோகலாம். கல்லையும் காத்து, ஊருக்கும் ஒரு கைத்தொழிலைத் தந்து, பயணிக்கும் நினைவுப் பொருளாகிற இந்த ஏற்பாட்டை, கோடிகளில் போடப்படும் பல திட்டங்களுக்கு மேலாக நான் மதிக்கிறேன்.

சின்னமே ஊராக இருக்குமிடத்தில் சிக்கல் வேறுவிதமானது. வெனிஸின் பழைய நகரத்தில் 1950-களின் தொடக்கத்தில் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போனது. பெரும் பயணக் கப்பல்களை 2021-இல் ஜூடெக்கா கால்வாயிலிருந்து விலக்கினார்கள். நெரிசல் மிகுந்த நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை 2024 ஏப்ரலில் தொடங்கினார்கள். ஒரு குளிர்பானத்தின் விலையில் யாரும் பயணத்தைக் கைவிடுவதில்லை. கூட்டம் கண்ணுக்குத் தெரியக் குறையவில்லை. சின்னத்தைத் திறந்துவிடும் இந்த வழியின் கடைசி எல்லைக்குப் போன இடம், ஆதிமனிதர் தீட்டிய சுவரோவியங்கள் கொண்ட பிரான்ஸின் லாஸ்கோ குகை. பொதுமக்களுக்கு 1948-இல் திறந்தார்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் உடற்சூடும் ஓவியங்களைக் கெடுப்பது தெரிந்ததும் 1963-இல் மூடினார்கள். 1983-இல் அருகிலேயே திறந்த நகலைப் பார்க்கத்தான் மக்கள் திரண்டார்கள். 2016-இல் இன்னும் முழுமையான நகலோடு புதிய மையமும் வந்தது. அசல் உறங்குகிறது, நகல் உழைக்கிறது.

மூன்றாவது வழியான கலைவிழாவுக்கு வருவோம். இதன் ஆற்றலும் அபாயமும் ஒருசேரத் தெரிந்த இடம் இத்தாலியின் இசேயோ ஏரி. கிறிஸ்டோ என்ற கலைஞர் 2016 ஜூனில், ஏரிநீரின் மேல் மஞ்சள் துணி போர்த்திய மூன்று கிலோமீட்டர் மிதக்கும் பாதை அமைத்தார். 16 நாட்களில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் நடந்தார்கள். கரையிலிருந்த சுல்சானோ ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே வாழும் சிற்றூர். இரவும் பகலும் திறந்திருக்கும் என்று அறிவித்ததை மாற்றி, துப்புரவுக்காக இரவில் மூட வேண்டியதாயிற்று. பிறகு எல்லாவற்றையும் கழற்றி மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ஏரி பழையபடி ஏரியானது. எதையும் தேய்க்காத கலை என்று இதைப் புகழலாம். ஆனால் அடுத்த ஆண்டு விடுதி அறைகளை நிரப்புவதற்கு அங்கே பாதை இல்லை.

ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடல் தீவுகளில் 2010 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழா வேறு கணக்கில் ஓடுகிறது. நவோஷிமா தீவில் செம்பு உருக்காலை. தெஷிமா தீவில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட தொழிற்சாலைக் கழிவுக் குவியல். இளையோர் வெளியேறிய மற்றத் தீவுகளில் பூட்டிய வீடுகள். இவை மாசும் முதுமையும் சுமந்த இடங்கள். அங்கே முதல் விழாவுக்கே 9 லட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. காலி வீடுகளும் கைவிட்ட பள்ளிக் கட்டடங்களும் படைப்புகளுக்கான இடமாயின. விழா முடிந்த பின் சில படைப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் படகில்தான் போக வேண்டும். படகுக்கு நேரம் உண்டு. கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவுத் தங்கல்தான். பெருஞ்சாலையும் பாலமும் இல்லாத குறையே பயணியை நிறுத்தி வைக்கும் உத்தியாகிவிட்டது.

இப்போது மூன்றையும் அருகருகே வைக்கலாம். முதலில் பணம். புது அருங்காட்சியகத்துக்குத் தொடக்கத்திலேயே மலையளவு வேண்டும். கட்டிய பிறகு திரும்பிப் போக வழியில்லை. சின்னத்துக்குத் தொடக்கச் செலவு குறைவுபோலத் தோன்றும். ஆனால் பராமரிப்புச் செலவு கூட்டத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். விழாவுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பணம் திரட்ட வேண்டும். கைகூடவில்லையென்றால் நிறுத்திவிடலாம் என்பதே அதன் பெரிய பலம்.

தங்கும் நாட்களைப் பார்த்தால் தனித்து நிற்கும் அருங்காட்சியகமே நலிந்தது. மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடக்கூடிய ஒன்றுக்காக யாரும் இரண்டு இரவுகள் செலவிடுவதில்லை. அதைச் சுற்றி நடக்கத்தக்க ஊர் இருந்தால்தான் இரவு கிடைக்கும். பில்பாவோவுக்கு அது இருந்தது. திரும்ப வருவதில் விழாவே முந்துகிறது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் காட்சி மாறுகிறது. அங்கோரை ஒருமுறை பார்த்துவிட்டவர் அடுத்து வேறொரு நாட்டுக்குப் போகவே நினைப்பார். பருவம் என்று வந்தால், மழையிலும் வெயிலிலும் கதவைத் திறந்து வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஈடில்லை. தேய்மானம் என்ற ஒன்றில் மட்டும் இவற்றை ஒரே தட்டில் வைக்கவே முடியாது. கட்டடம் பழுதானால் சரிசெய்யலாம், விழா தோற்றால் மறந்துவிடலாம், தேய்ந்த புடைப்புச் சிற்பத்துக்கு மாற்று கிடையாது.

என்னைக் கேட்டால், சின்னம் உள்ள ஊர் புதிதாக ஈர்ப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. அங்கே அருங்காட்சியகம் கட்டினால் அது சின்னத்துக்குப் போட்டியாக இல்லாமல், கூட்டத்தைத் தன் பக்கம் தாங்கிக்கொள்ளும் வாயிற்காவலாக இருக்க வேண்டும். லாஸ்கோவின் நகல் செய்வது அதைத்தான். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற எண்ணை, கூட்டம் வந்து படிகள் தேய்ந்த பிறகு தேடாமல், முதல் சீட்டை அச்சிடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். சின்னம் எதுவும் இல்லாத, ஆனால் போக்குவரத்தும் நடைபாதையும் பள்ளிகளும் ஒழுங்காக உள்ள பெருநகரம் அருங்காட்சியகத்தில் துணிந்து பணம் போடலாம். அப்போதும் வெளியூர்க்காரர் வராத செவ்வாய்க்கிழமை மதியத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் உள்ளே இருப்பார்களா என்று கேட்டுக்கொண்டு போட வேண்டும். சிற்றூருக்கும் தேய்ந்துவரும் வட்டாரத்துக்கும் விழாவே ஏற்றது. ஒருமுறை வந்து போகும் பிரம்மாண்டத்தைவிட, சிறிதாகத் தொடங்கி ஒழுங்காகத் திரும்பி வருவது நல்லது.

செத்தோ கடலின் ஒகிஜிமா என்ற சிறு தீவில், படிக்கப் பிள்ளைகள் இல்லாததால் பள்ளி செயல்படாமல் கிடந்தது. 2013-ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சில குடும்பங்கள் குழந்தைகளோடு தீவில் குடியேற முன்வந்தன; தங்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளியைத் திறக்கும்படி கேட்டன. 2014 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.