பழைய வண்டியின் பெயின்ட் வகை: துணி, மீட்டர், தின்னர் மூன்றில் எதை நம்பலாம்?

பாலிஷ் போடும் முன் பெயின்ட் எந்த வகை என்று தெரிய வேண்டும்: நிறமே மேல் பூச்சாக இருக்கும் சிங்கிள் ஸ்டேஜா, நிறத்தின் மேல் நிறமற்ற கிளியர் கோட் பூசியதா? கிளியர் கோட் பரவலானது 1980-களில்தான். ஆனாலும் வண்டி வெளிவந்த ஆண்டை வைத்துப் பெயின்ட் வகையை முடிவு செய்ய முடியாது. பல வண்டிகள் நடுவில் ஒரு தடவையாவது மறுபெயின்ட் கண்டிருக்கும், சிலவற்றில் ஓரிரு பேனலுக்கு மட்டும். நெடுநாள் பயன்பாட்டில் அதிகம் கைகொடுப்பது செலவே இல்லாத துணிச் சோதனைதான்.

பேனலைக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு, பழைய வாக்ஸை முழுதாக எடுத்துவிட வேண்டும். வாக்ஸ் மிச்சமிருந்தால் சாயம் இறங்காது. கிளியர் கோட் என்று தவறாக முடிவெடுப்போம். வெள்ளைத் துணியில் பட்டாணி அளவு நைஸ் பாலிஷ் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் 10 முதல் 15 தடவை லேசாகத் தேய்க்கவும். வண்டியின் நிறம் துணியில் ஏறினால் சிங்கிள் ஸ்டேஜ். ஏறாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது.

துணி ஏமாற்றும் இடங்களும் உண்டு. ஓரத்திலோ மடிப்பிலோ மட்டும் நிறம் வந்தால் அது சிங்கிள் ஸ்டேஜ் அல்ல, கிளியர் தேய்ந்து தீர்ந்த இடம். அங்கே பாலிஷ் மெஷினை வைக்கவே கூடாது. கண்ணாடி, கதவு ஓரத்து ரப்பர் பீடிங் பக்கத்தில் துணியில் ஏறும் கறுப்புக் கறை, பெயின்ட்டே அல்ல. சில்வர் மெட்டாலிக் சிங்கிள் ஸ்டேஜில் வரும் சாம்பல் கறை அழுக்கு போலவே தோன்றும். அந்தப் பெயின்ட்டை அழுத்தித் தேய்த்தால் அலுமினியத் துகள்கள் சிதைந்து திட்டுத் திட்டாகிவிடும். வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணியும் வெள்ளையல்லாத பாலிஷும் தேவை.

பெயின்ட்டின் கனம் அளக்கும் மீட்டர் அதன் வகையைச் சொல்லாது, எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் கிளியரின் பங்கு சுமார் 35 முதல் 50 வரைதான். 300-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், ஆயிரத்தை நெருங்கினால் உள்ளே பள்ளம் நிரப்பிய பட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். பேனலுக்கு ஐந்து இடமாவது அளந்து, சராசரியை விட்டுவிட்டு மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பாலிஷில் பெயின்ட் முதலில் தேய்ந்து தீர்வது அங்கேதான். காந்த மீட்டர் அலுமினியத்தில் வேலை செய்யாது. பிளாஸ்டிக் பம்பரிலும் அப்படியே.

பெயின்ட்டை இளக்கும் தின்னர் கடைசி வழி. பழைய பெயின்ட் வகைகளான லாக்கரா எனாமலா என்ற சந்தேகம் தீராவிட்டால் மட்டும், கண்ணுக்குப் படாத மூலையில், காட்டன் பட் நுனியால் சில நொடிகள் தொட்டுப் பார்க்கலாம். லாக்கர் உடனே கரைந்து பிசுபிசுக்கும். பழைய எனாமல் கரையாமல் சுருங்கலாம் அல்லது உப்பலாம். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூகே (2K) பெயின்ட் நன்றாக இறுகியிருந்தால் அசையாது. அரைகுறையாகக் காய்ந்திருந்தால் அதுவும் இளகும், குழப்பும். தொட்ட வடு போகாது என்பதால், துணியிலேயே பதில் கிடைத்த பேனலில் இது வேண்டாத வேலை.

லாக்கர் என்று தெரிந்தால் மெஷின் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சூட்டில் இளகும் பெயின்ட் அது. காய்ந்து வெளிறிய சிங்கிள் ஸ்டேஜுக்கு, அரைக்கும் தன்மையில்லாத, எண்ணெய்ப்பசையுள்ள கிளேஸ் தடவி ஓர் இரவு ஊறவிட்டுப் பாலிஷ் போட்டால் நிறம் நன்றாக எழும். பாலிஷ் மெஷினின் பேடில் சாயம் ஏறுவது இதில் இயல்பு. பேனலுக்கு ஒரு முறை பேடைச் சுத்தம் செய்யாவிட்டால் இழுவைக் கோடுகள் விழும். உரியத் தொடங்கிய கிளியருக்கு எந்தப் பாலிஷும் உதவாது. அந்தப் பேனலுக்கு மறுபெயின்ட்தான்.