ஜெர்மனியில் அறை: ஊரிலிருந்தே பிடிப்பதா, போய் இறங்கிப் பிடிப்பதா?

அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனி போகிறவர்களுக்கு அறை கிடைக்க நாலு வழி உண்டு. ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் சேவை அமைப்பு நடத்தும் விடுதி ஒன்று. வேகே-கெசூக்ட் போன்ற தளத்தில் விளம்பரம் பார்த்துத் தனியாரிடம் நேரடியாகப் பேசுவது இன்னொன்று. வாடகையைத் தன்னிடம் நிறுத்திவைத்து உரிமையாளருக்குக் கொடுக்கும் முன்பதிவுத் தளங்கள் மூன்றாவது. முதல் மாதத்துக்கு மட்டும் ஓர் இடம் பார்த்துக்கொண்டு, நிலையான அறையை அங்கே போய்த் தேடுவது நாலாவது. நம் ஓட்டு நாலாவதுக்கு.

விடுதி கிடைத்தால் பேச்சே இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். மியூனிக் போன்ற ஊரில் வரிசை செமஸ்டர் கணக்கில் நீளும் என்பதுதான் சிக்கல். மோசடி அநேகமாக ஒரே ரூபத்தில் வரும்: வாட்ஸ்அப் குழுவில் யாரோ, "என் டார்ம் ரூமை உங்க பேருக்கு மாத்தித் தரேன், 500 யூரோ போடுங்க" என்பார். விடுதி ஒப்பந்தம் போடுவது ஸ்டூடியரெண்டன்வெர்க்தான். குழுவில் யாரும் அதை விற்க முடியாது.

தனியாரிடம் நேரடியாகப் பிடிப்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். விளம்பரத்தில் நகர மையம், தனிக் குளியலறை, எல்லாம் சேர்த்து 450 யூரோ என்றிருக்கும். மியூனிக்கில் பகிர்வு வீட்டு ஒற்றை அறையே 800 யூரோவை ஒட்டிப் போகிறது. உரிமையாளர் வெளிநாட்டில் வேலையாக இருப்பார். சாவியைக் கூரியரில் அனுப்புவார். நம்பிக்கைக்குத் தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்புவார். அந்த பாஸ்போர்ட் பெரும்பாலும் முன்னால் ஏமாந்த ஒருவருடையது. நீங்கள் பதிலுக்கு அனுப்பும் நகல் அடுத்தவருக்குத் தூண்டில். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதி, பாஸ்போர்ட் எண்ணை மறைத்து அனுப்புங்கள்.

நம்மூரில் சந்தேகம் வந்தால் சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிடலாம். அங்கே அந்தப் பழக்கம் செல்லாது. நிலப்பதிவேடான குருண்ட்பூக்கை முறையான காரணம் உள்ளவர்களுக்குத்தான் காட்டுவார்கள். சென்னையிலிருந்து நீங்கள் கேட்டுப் பெற முடியாது.

அதனால் பார்க்க வேண்டியது ஆளை அல்ல, பணம் எப்போது கைமாறுகிறது என்பதை. முன்பணத்துக்கு அங்கே காவுட்சியோன் என்று பெயர். ஜெர்மன் சிவில் சட்டம் 551ஆம் பிரிவுப்படி, மின்சாரம், ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் அதைக் கேட்கக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். வெறும் வாடகை 500 என்றால் உச்சம் 1,500. வாசலில் 500, அடுத்த இரண்டு மாதம் ஐநூறு ஐநூறாக. இதற்கு மாறாக உங்களுக்குப் பாதகமாக ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. நேர்மையான உரிமையாளர்களும் மொத்தமாகக் கேட்பதுண்டு என்பது உண்மைதான். ஆனால் தவணை பேச்சை எடுத்ததும் அவர்கள் பேரம் பேசுவார்கள். மோசடிக்காரரோ "இன்னும் நாலு பேர் காத்திருக்காங்க, இன்னிக்கே போடுங்க" என்று அவசரப்படுத்துவார்.

போட்ட பணம் ஏன் திரும்பாது? இந்திய வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் எனும் வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற வலையமைப்பு வழியாகப் போகும் தொகை அந்தக் கணக்கில் விழுந்த பிறகு, பெற்றவர் சம்மதித்தால்தான் திரும்பும். அவர் அதற்குள் துடைத்து எடுத்திருப்பார். யூரோ நாடுகளுக்குள் அனுப்பினால் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்த்துச் சொல்லும் முறை 2025 அக்டோபரில் வந்துவிட்டது; இந்தியாவிலிருந்து அனுப்பும் உங்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. வீடு பெர்லினில், ஐபான் எனும் வங்கிக் கணக்கு எண் மட்டும் ஜெர்மனியின் டிஇ என்று தொடங்காமல் வேறு நாட்டு எழுத்தில் தொடங்குகிறதென்றால் அங்கேயே நிறுத்துங்கள். டிஇ என்று இருப்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம்.

முன்பதிவுத் தளங்கள் இந்த ஓட்டையைப் பாதி அடைக்கின்றன. முதல் வாடகையை நீங்கள் குடிபுகுந்து 24 அல்லது 48 மணி நேரம் வரை தளம் பிடித்துவைக்கும். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் தகராறு எழுப்பவும் வழி உண்டு. சேவைக் கட்டணம் கடிக்கும். காவுட்சியோன் நேராக உரிமையாளருக்குப் போகிற தளத்தில் அந்தத் தொகைக்கு இந்தக் காப்பு கிடையாது. தளத்தின் உரையாடலை விட்டு வாட்ஸ்அப்புக்கு இழுத்து, ஏர்பிஎன்பி போலவே தோன்றும் போலிப் பக்கத்துக்கு லிங்க் அனுப்பினால் முடிந்தது கதை.

இனி நாலாவது வழி. விடுமுறைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ போகும் மாணவர்கள் தங்கள் அறையை ஒன்றிரண்டு மாதம் உள்வாடகைக்கு விடுவார்கள், ட்ஸ்விஷென்மீட்டே என்பார்கள். இதிலும் முன்பணம் கேட்பார்கள், ஆனால் ஒரு மாத வாடகையளவுக்கு மேல் கொடுக்காமல் இருந்தால், ஏமாந்தாலும் போவது அவ்வளவுதான், இரண்டு லட்ச ரூபாய் அல்ல. வீட்டு உரிமையாளரின் உள்வாடகை அனுமதியைக் கேட்டு வாங்குங்கள். வீடியோவில் பதிவு செய்த படம் வேண்டாம், நேரலை வேண்டும்: தெருவிலிருந்து தொடங்கி, வாசல் அழைப்பு மணியில் உள்ள பெயர், படிக்கட்டு, அறை, ஜன்னலைத் திறந்து வெளியே தெரியும் தெரு வரை. அந்தத் தெருவை ஸ்ட்ரீட் வியூவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் அன்மெல்டுங். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர் படிவம் தேவை. அது இல்லாமல் வரி எண்ணும் குடியிருப்பு அனுமதியும் இழுபடும். சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹாஸ்டல்கள் பெரும்பாலும் அந்தப் படிவத்தைத் தராது. உள்வாடகையில் முதன்மைக் குடியிருப்பவரே கையெழுத்திடலாம், ஆகவே பேச்சின் முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும். காசுக்கு முகவரி மட்டும் விற்பவர்களிடம் போகாதீர்கள். அப்படிக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு.

பணத் திட்டத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் (முடக்கிவைக்கும் கணக்கு) போட்ட 11,904 யூரோவும் மாதம் 992 ஆகத்தான், அதுவும் அங்கே போன பிறகுதான் அவிழும். காவுட்சியோனுக்கு அதை நம்ப முடியாது. 2,000 யூரோவாவது தனியாக இருக்கட்டும்.

கெம்னிட்ஸ் போன்ற ஊர்களில் விடுதியே எளிதாகக் கிடைப்பதால் இத்தனை பாடு தேவைப்படாமலே போகலாம். பெரிய நகரத்தில் என்றால், நேரில் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மீட்டர் அளவுகளையும் சுவர்க் கீறல்களையும் ஒப்படைப்புத் தாளில் குறித்துப் படமும் எடுத்த பிறகு, சாவியைக் கையில் வாங்கும்போது முதல் தவணையைக் கட்டுங்கள்.