அப்பாவுக்குச் செய்த கதீட்டர் அப்லேஷன்: சூடா, குளிரா?
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்புக்காக, உசிலம்பட்டியிலிருந்து அப்பாவை மதுரையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, அதற்கான அப்லேஷன் (கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்திச் செய்யும் சிகிச்சை) ஒரே வகைதான் என்று நினைத்திருந்தோம். இக்கோளாறைக் கிளப்பும் மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து புறப்படுகின்றன என்று 1998இல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். அச்சிரைகள் இதயத்தின் இடது மேலறையில் திறக்கும் வாயைச் சுற்றி வடு உண்டாக்கி, மின்தொடர்பை அறுப்பதே சிகிச்சை. வடுவை எதனால் உண்டாக்குவது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

ரேடியோ அலை முறையில், தொடைச் சிரை வழியே செலுத்திய கதீட்டரின் நுனி திசுவைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு வட்டத்தை முடிக்கிறது. பூச்சரம் தொடுப்பதைப் போன்ற பொறுமை வேண்டிய வேலை அது. நடுவே இடைவெளி விழுந்தால் துடிப்பு அவ்வழியே திரும்பவும் கசியும். கிரையோ பலூனோ சிரையின் வாயை அடைத்து நின்று, நைட்ரஸ் ஆக்சைடின் குளிரால் வட்டம் முழுவதையும் ஒரே முறையில் உறையவைக்கிறது. 762 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வு, பலனில் பலூன் சளைத்ததன்று என்றது. ஆனால் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்படுவது பலூனில்தான் மிகுதி. வெப்பத்தை நம்பாமல் மின்புலத் துடிப்புகளால் செல் சவ்வைத் துளைக்கும் பல்ஸ்டு ஃபீல்ட் முறைக்கு அமெரிக்கா 2023 டிசம்பரில்தான் முதல் அனுமதி தந்தது. உணவுக்குழாய்க்கு ஆபத்துக் குறைவு என்பதால் எனக்கு அதன்மேல் ஆசை இருந்தது. அங்கே அந்தக் கருவி இல்லை.

முடிவைச் செய்தது ஆய்வுகள் அல்ல, அப்பாவின் ஈசிஜி. அதில் ஃப்ளட்டர் என்னும் இன்னொரு துடிப்புக் கோளாறின் ரம்பப் பல் போன்ற அலைகளும் தெரிந்தன. அதற்கு வலது மேலறையில் ஒரு கோடு சுட வேண்டும். அது பலூனால் ஆகாத வேலை. ரேடியோ அலை முறையில் ஒரே கதீட்டரால் இரண்டையும் முடிக்கலாம் என்று இதய மின்னியல் மருத்துவர் படம் வரைந்து விளக்கியது நேர்த்தியாக இருந்தது. நாங்கள் துருவிக் கேட்காதிருந்தால் அந்தப் படத்தை வரைந்திருப்பாரா என்பது ஐயமே.

குறை சொல்ல வேண்டியது கட்டணப் பிரிவைப் பற்றி. முதலில் சொன்ன தொகையில் முப்பரிமாண வரைபடக் கதீட்டரின் விலை சேரவில்லை என்பதை முந்தைய நாள் இரவுதான் தெரிவித்தார்கள். சிகிச்சைக்குப் பின் அப்பா கால் மடக்காமல் படுத்திருந்த மணிநேரங்களில் செவிலியர்கள் கவனித்த விதத்தில் குறையே இல்லை. முதல் மூன்று மாதத்தில் படபடப்பு வந்தால் அதைத் தோல்வியாகக் கொள்ளக்கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஐந்தாம் வாரம் அது வந்தபோது அப்பா பயப்படவில்லை. நான்காம் மாதம் எடுத்த ஹோல்டர் பதிவில் (உடலில் பொருத்திய சிறு கருவி தொடர்ந்து எடுக்கும் ஈசிஜி) துடிப்பு சீராகவே இருந்தது.